பீற்றா எச்.சி.ஜி.: கர்ப்பத்துக்கும் புற்றுநோய்க்கும் ஒரே இரத்தப் பரிசோதனை ஏன்?

கர்ப்பிணி கிளினிக்கில் எழுதிக் கொடுக்கும் துண்டிலும் பீற்றா எச்.சி.ஜி. என்று இருக்கிறது. தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போய்வருபவரின் துண்டிலும் அதே பெயர்தான். விதையில் கட்டி என்று போன இருபத்தைந்து வயது ஆணுக்கும் அதையே எழுதுகிறார்கள். கரு கலைந்து மாதங்கள் ஆன பிறகும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னால் வீட்டார் பயந்துபோகிறார்கள். ஆணுக்கு எழுதினால், யாரோ துண்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பம் தரித்த பெண்ணோ பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து அழுகிறாள்.

மூன்று குழப்பமும் தீர ஒரு விஷயம் பிடிபட வேண்டும். இந்தப் பரிசோதனையில் ஒரு தனி எண் சொல்வது கொஞ்சம். நாள் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு மூன்று எண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா, ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்பதில்தான் செய்தி இருக்கிறது.

எங்கே சுரக்கிறது, எதற்காக

கருக்கட்டிய முட்டை, சூலகத்திலிருந்து வெளியேறி 6 முதல் 10 நாளில் கருப்பைச் சுவரில் பதிகிறது. பதியும்போது அதன் வெளிப்புறத்தில் உள்ள துரோபோபிளாஸ்ட் கலங்கள் சுவரைத் துளைத்து உள்ளே போகின்றன. பின்னர் சூல்வித்தகமாக, நாம் நஞ்சு என்று சொல்லும் பகுதியாக, வளரப்போவது இவைதான். இந்தக் கலங்கள் சுரக்கும் ஓமோனே எச்.சி.ஜி.

அதன் முதல் வேலை ஒன்றுதான். முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவான மஞ்சட்சடலத்தை வாடவிடாமல் வைத்திருப்பது. அது வாடினால் அது சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் நின்றுவிடும், மாதவிடாய் வந்துவிடும், கரு போய்விடும். சில வாரங்களில் சூல்வித்தகம் தானே புரோஜெஸ்தரோனைத் தயாரிக்கத் தொடங்கியதும் இந்தத் தேவை குறைகிறது.

புற்றுநோயோடு உள்ள உறவும் இதே கலங்களில் இருக்கிறது. சுவரைத் துளைப்பது, இரத்தக்குழாய்க்குள் புகுவது, வேகமாகப் பெருகுவது எல்லாம் புற்றுநோய்க் கலங்களின் குணங்கள். நல்ல கர்ப்பத்தில் உடல் அவற்றை எல்லைக்குள் வைத்திருக்கிறது. எல்லை மீறினால் அதே கலங்கள் கட்டியாகின்றன. கட்டியானாலும் எச்.சி.ஜி. சுரப்பதை விடுவதில்லை. இரத்தத்தில் அதை அளந்தால் கட்டி எவ்வளவு இருக்கிறது என்று ஏறத்தாழக் கணக்கிடலாம். இவ்வளவு நேரடியாகக் கட்டியின் அளவைச் சொல்லும் இரத்தப் பரிசோதனை மற்றப் புற்றுநோய்களுக்கு அநேகமாக இல்லை.

பெயரில் "பீற்றா" ஏன் வருகிறது

எச்.சி.ஜி. இரண்டு புரதத் துண்டுகள் சேர்ந்தது. அல்பாத் துண்டில் 92 அமினோ அமிலங்கள், பீற்றாத் துண்டில் 145. அல்பாத் துண்டு, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனிலும் சூலகத்தைத் தூண்டும் இரண்டு ஓமோன்களிலும் அப்படியே இருக்கிறது. அதை அளந்தால் எல்லாம் கலந்துவிடும். பீற்றாத் துண்டுதான் இதற்கென்று உரியது. அதை மட்டும் பிரித்தறிந்து அளக்கும் முறை 1972இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவானது. அதற்கு வெகு முன்னர், 1927இல் தொடங்கிப் பல ஆண்டுகள், பெண்ணின் சிறுநீரை எலிக்கு ஊசி போட்டு அதன் சூலகத்தைப் பார்த்தே கர்ப்பத்தை அறிந்தார்கள்.

ரிப்போர்ட்டில் "டோட்டல் பீற்றா" என்றும் "ஃப்ரீ பீற்றா" என்றும் இரண்டு பெயர் வரலாம். கர்ப்பம் உண்டா, வளர்கிறதா, கட்டி குறைகிறதா என்பதற்கெல்லாம் டோட்டல். ஃப்ரீ பீற்றா, 11 முதல் 14 வாரத்துக்குள் டவுண் சின்ட்ரோம் சாத்தியத்தைக் கணிக்கும் பரிசோதனையில் வருவது. ஒன்றைச் செய்யச் சொன்ன இடத்தில் மற்றதைச் செய்துவிட்டு வந்தால் காசும் பயணமும் வீண். துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இரத்தம் கொடுக்கும்போதே லாப்பில் காட்டிக் கேளுங்கள்.

லாப்பில் நடப்பது

கையில் நாளத்திலிருந்து 3 முதல் 5 மில்லிலீற்றர் இரத்தம் போதும். வெறுவயிறு தேவையில்லை, காலை மாலை வித்தியாசமும் இல்லை. சிவப்பு அல்லது மஞ்சள் மூடியுள்ள ரியூப்பில் எடுத்து, அரை மணிநேரம் உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை எடுக்கிறார்கள். சீரமாகப் பிரித்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்தால் எச்.சி.ஜி. சில நாட்கள் கெடாது.

வன்னியில் கவனிக்க வேண்டியது இந்த இடம். பல ஊர்களில் இரத்தம் எடுப்பது ஓரிடம், இயந்திரம் இருப்பது வேறோர் ஊர். சுழற்றாத இரத்தத்தை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் சிவப்புக் கலங்கள் உடைந்து சீரம் சிவக்கும். சிவந்த சீரத்தைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது கிடைக்கும் எண் நம்பத் தகாததாகும். பிரித்த பிறகு ஐஸ் பெட்டியில் அனுப்புகிறீர்களா என்று கேட்பது குறை பிடிப்பதாகாது.

இயந்திரத்துக்குள் இரண்டு பிறபொருளெதிரிகள், அதாவது குறித்த ஒரு பொருளோடு மட்டும் ஒட்டும் புரதங்கள், இருக்கின்றன. ஒன்று எச்.சி.ஜி.யை ஒரு பக்கத்தால் பிடித்து நிறுத்தும். மற்றது மறுபக்கத்தால் ஒட்டி ஒளியை உண்டாக்கும். ஒளி கூடினால் எண் கூடும். ஒவ்வொரு கம்பனியின் பிறபொருளெதிரியும் ஓமோனின் வெவ்வேறு இடத்தைப் பிடிப்பதால், ஒரே இரத்தத்துக்கு இரண்டு லாப்பில் இரண்டு எண் வரும். முதல் எண்ணைக் கிளிநொச்சியிலும் அடுத்ததை வவுனியாவிலும் எடுத்து ஒப்பிட்டால் வரும் வித்தியாசம் கருவினுடையதா இயந்திரத்தினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. தொடங்கிய லாப்பிலேயே முடியுங்கள்.

அலகைப் பற்றிக் கவலை வேண்டாம். மில்லிலீற்றருக்கு மில்லி சர்வதேச அலகு என்று போட்டாலும், லீற்றருக்குச் சர்வதேச அலகு என்று போட்டாலும் எண் ஒன்றே.

கர்ப்பத்தில் எண்ணை வாசிப்பது

5க்குக் கீழ் என்றால் கர்ப்பம் இல்லை. 25க்கு மேல் என்றால் உண்டு. இடையில் வந்தால் இரண்டு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பார்மசியில் வாங்கும் சிறுநீர்ப் பட்டி 20 முதல் 25 வரை ஏறினால்தான் கோடு காட்டும். இரத்தத்தில் அதற்குச் சில நாள் முன்னரே தெரிந்துவிடும்.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 5ஆம் வாரத்தில் வழக்கமாகத் தரப்படும் எல்லை 18 முதல் 7,340 வரை. 6ஆம் வாரத்தில் 1,080 முதல் 56,500 வரை. எவ்வளவு அகலம் என்று பாருங்கள். 300 உள்ளவரும் 5,000 உள்ளவரும் ஒரே வாரத்தில், இருவரும் நலமாக இருக்கலாம். எண்ணை வைத்து வாரத்தைக் கணக்கிடுவதும், எண் குறைவு என்று கரு பலவீனம் என்று முடிவெடுப்பதும் பிழை. 8 முதல் 11ஆம் வாரத்தில் எண் உச்சிக்குப் போகும், பலருக்கு ஒரு லட்சத்தை ஒட்டி. அதன்பின் தானே இறங்கும். 14ஆம் வாரத்தில் எண் இறங்கிவிட்டது என்று பயப்பட எதுவும் இல்லை.

முதல் வாரங்களில் பார்க்க வேண்டியது 48 மணிநேர ஏற்றம். பெரும்பாலானோரில் இரண்டு மூன்று நாளில் இரு மடங்காகும். அதற்குக் குறைந்தும் நல்ல கரு இருக்கலாம். ஆகக் குறைந்த எல்லை, முதல் எண்ணைப் பொறுத்தது:

1. முதல் எண் 1,500க்குக் கீழ் என்றால், 48 மணிநேரத்தில் 49 சதவீதம்.
2. 1,500 முதல் 3,000 வரை என்றால், 40 சதவீதம்.
3. 3,000க்கு மேல் என்றால், 33 சதவீதம்.

கருப்பைக்குள் நலமாக வளரும் கர்ப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இந்த எல்லையைத் தாண்டும். கணக்கு இலேசானது. இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து, முதல் எண்ணால் பிரித்து, நூறால் பெருக்குங்கள். திங்கள் காலை 8 மணிக்கு 420, புதன் காலை 8 மணிக்கு 690 என்றால் ஏற்றம் 64 சதவீதம், போதும். 380 இருந்து 430 ஆனால் 13 சதவீதம், அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

இடையில் போயா விடுமுறையோ சனி ஞாயிறோ வந்து 72 மணிநேரம் ஆகிவிட்டால் 49 சதவீதம் என்ற கணக்குப் பொருந்தாது. 1,500க்குக் கீழ் தொடங்கியவருக்கு அப்போது ஆகக் குறைந்தது 82 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் பெரும்பாலும் திகதிதான் இருக்கும், இரத்தம் கொடுத்த நேரம் இருக்காது. ஒரு பேனையால் நீங்களே எழுதி வையுங்கள். இந்தப் பரிசோதனையில் எண்ணுக்கு உள்ள அளவு மதிப்பு அந்த நேரத்துக்கும் உண்டு.

எண் சில ஆயிரங்களைத் தாண்டிவிட்டால் மேலும் மேலும் இரத்தம் எடுப்பதில் பயன் குறைவு. ஸ்கான்தான் பேச வேண்டும்.

ஏற வேண்டியபடி ஏறாவிட்டால்

இரண்டு சாத்தியங்கள். கரு கலைகிறது, அல்லது கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் பலோப்பியன் குழாயில், தங்கியிருக்கிறது. குழாய்க் கர்ப்பம் நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு. எண் 3,500 ஆகியும் கருப்பைக்குள் கருவின் நீர்ப்பை ஸ்கானில் தெரியாவிட்டால் இந்தச் சந்தேகம் வலுக்கும். பழைய புத்தகங்களில் 1,500 அல்லது 2,000 என்று இருக்கும். அவ்வளவு குறைந்த எண்ணில் முடிவெடுத்து நல்ல கருவையும் அழித்துவிடக் கூடாது என்பதால் எல்லையை உயர்த்தினார்கள்.

எண் சிறிது என்பதால் ஆபத்துச் சிறிது என்று எண்ணவே கூடாது. 100, 200 இருக்கும்போதும் குழாய் வெடித்திருக்கிறது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்து வலி, தோள்மூட்டில் காரணமில்லாத வலி, தலைசுற்றி விழுவது, கொஞ்சமாகக் கசியும் இரத்தம்: இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ சத்திரசிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பது நல்லது. அந்த நேரத்தில் வயிற்றுக்குள் லீற்றர் கணக்கில் இரத்தம் கசிந்துவிடும்.

குழாய் வெடிக்காத, எண் அதிகமில்லாத சிலருக்கு, கலங்கள் பெருகுவதை நிறுத்தும் மெதோட்ரெக்சேற் என்ற மருந்தை ஊசியாகப் போடுவார்கள். ஊசி போட்ட நாள் 1. 4ஆம் நாளும் 7ஆம் நாளும் இரத்தம் எடுக்க வேண்டும். 4ஆம் நாள் எண் ஏறியிருக்கலாம், மருந்து தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. 4இலிருந்து 7க்குள் 15 சதவீதமாவது இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. பிறகு 5க்குக் கீழ் வரும்வரை வாரா வாரம்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: கர்ப்பிணி கிளினிக்கில் வாங்கிய போலிக் அமில மாத்திரையைத் தொடர்ந்து போடுவது. மெதோட்ரெக்சேற் வேலை செய்வதே போலிக் அமிலத்தின் பாதையை அடைத்துத்தான். மாத்திரை அந்த அடைப்பைத் திறந்துவிடும். குடும்பநல உத்தியோகத்தரிடம் ஊசி போட்ட விபரத்தைச் சொல்லி மாத்திரையை நிறுத்துங்கள். இரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால் ஏன்டி-டி ஊசி தேவையா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

முத்துப்பிள்ளை: கர்ப்பமும் கட்டியும் சந்திக்கும் இடம்

சில கர்ப்பங்களில் பிள்ளை வளராமல், சூல்வித்தகம் மட்டும் திராட்சைக் குலைபோல நீர் கோத்து வளரும். முத்துப்பிள்ளை என்று சொல்வது இதைத்தான். முழு முத்துப்பிள்ளையில் தாயின் மரபணு முட்டையில் இருப்பதில்லை, இரண்டு பங்கும் தந்தையினுடையது. பகுதி முத்துப்பிள்ளையில் தந்தையின் பங்கு இரண்டும் தாயின் பங்கு ஒன்றும் சேர்ந்து மூன்றாகிவிடுகிறது. முட்டையும் விந்தும் சேரும் கணத்தில் நேரும் பிசகு இது. தாய் சாப்பிட்டதோ, வயலில் குனிந்து வேலை செய்ததோ, யாருடைய கண்ணூறோ காரணம் இல்லை.

எண் ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்பது, மாதத்துக்குப் பொருந்தாமல் வயிறு பெருப்பது, அடங்காத வாந்தி, இரத்தப்போக்கு ஆகியவை அடையாளம். எச்.சி.ஜி. மிகக் கூடும்போது தைரொயிட்டையும் தூண்டுவதால் நெஞ்சுப் படபடப்பும் கைநடுக்கமும் வரலாம்.

உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்த பிறகுதான் பரிசோதனையின் பெரிய வேலை தொடங்குகிறது. எண் 5க்குக் கீழ் வரும்வரை வாரா வாரம், பின் சில மாதங்கள் மாதம் ஒரு முறை. முழு முத்துப்பிள்ளையில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு உள்ளே தங்கிய கலங்கள் மீண்டும் வளரும். பகுதியில் அது 5க்கும் குறைவு. மீண்டும் வளர்கிறது என்று கணிக்க உலகெங்கும் ஒரே விதி:

1. மூன்று வாரத்தில் எடுத்த நான்கு எண்கள், அதாவது 1, 7, 14, 21ஆம் நாட்களில், இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்பது.
2. இரண்டு வாரத்தில் எடுத்த மூன்று எண்கள், 1, 7, 14ஆம் நாட்களில், ஏறிக்கொண்டே போவது.
3. எடுத்த தசையில் கோரியோகார்சினோமா, அதாவது துரோபோபிளாஸ்ட் கலங்களின் புற்றுநோய், என்று நோயியல் ரிப்போர்ட் வருவது.

விதியைப் பார்த்தால் வாரா வாரம் போவது ஏன் என்று விளங்கும். ஒரு வாரம் தவறினால் வரிசை அறுந்துவிடும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, உடம்பில் ஒன்றுமில்லை என்று கிளினிக்கை நிறுத்துபவர்கள்தான் பின்னர் நுரையீரலுக்குப் பரவிய நிலையில் வருகிறார்கள்.

இந்த மாதங்களில் கருத்தரிக்கக் கூடாது என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. புதிய கர்ப்பமும் எச்.சி.ஜி.யை ஏற்றும். ஏறுவது பிள்ளையா கட்டியா என்று அப்போது பிரிக்க முடியாது. மாமியார் மாமனாருக்கு இதைக் கணவனே விளக்கிச் சொல்வது அந்தப் பெண்ணுக்குப் பெரிய ஆறுதல்.

கோரியோகார்சினோமா சாதாரணப் பிரசவத்துக்குப் பின்னும் வரலாம், அபூர்வமாக. பிள்ளை பிறந்து வாரங்கள், மாதங்கள் கடந்தும் இரத்தப்போக்கு விட்டு விட்டு வந்தால், இருமலில் இரத்தம் கண்டால், ஒரு பீற்றா எச்.சி.ஜி. பார்ப்பது சிறிய செலவு.

எண் பூச்சியமாகும்வரை மருந்து: 1956இன் பாடம்

இந்தப் புற்றுநோயில் பயப்படுவதைவிட நம்புவதற்குக் காரணம் அதிகம். 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லீ என்ற வைத்தியரும் ரோய் ஹேர்ட்சும் கோரியோகார்சினோமா நோயாளருக்கு மெதோட்ரெக்சேற் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். மருந்தால் மட்டும் குணமான முதல் திடக் கட்டி அதுவே. எக்ஸ்றேயில் கட்டி மறைந்தபின்னும் ஓமோன் மிச்சமிருந்தால் கட்டியும் மிச்சமிருக்கிறது என்று லீ பிடிவாதமாகச் சொன்னார், மருந்தைத் தொடர்ந்தார். தேவையில்லாமல் நஞ்சு ஏற்றுகிறார் என்று அவரை வேலையிலிருந்து விலக்கினார்கள். காலம் அவரைச் சரியென்று காட்டியது. இன்றும் எண் சாதாரணமான பின் ஏறத்தாழ ஆறு வாரம் மருந்து தொடர்கிறது. ஆபத்துக் குறைந்த வகையில் அநேகமாக எல்லோரும் குணமாகிறார்கள், கருப்பையும் எஞ்சுகிறது.

ஆணுக்கு ஏன் இந்தப் பரிசோதனை

விதையில் விந்தை உண்டாக்கும் முளைக் கலங்கள் கட்டியாகும்போது சில சமயம் சூல்வித்தகக் கலங்களைப்போல நடந்து எச்.சி.ஜி. சுரக்கும். அப்படிப்பட்ட ஆணின் சிறுநீரில் கர்ப்பப் பட்டி வைத்தால் கோடு விழலாம். 15 முதல் 35 வயதுக்குள் விதையில் வலியில்லாத கெட்டியான கட்டி, அல்லது காரணமில்லாமல் மார்பு வீங்குவது என்றால் வெட்கப்பட்டு நாள் கடத்தக் கூடாது. மாட்டு உதை, சைக்கிள் பார் அடி என்று காரணம் தேடிக்கொண்டிருப்பதில் மாதங்கள் போய்விடுகின்றன.

எச்.சி.ஜி.யோடு, இரத்தத்தில் கட்டியைக் காட்டும் வேறு இரண்டு புரதங்களான ஏ.எஃப்.பி., எல்.டி.எச். என்பவற்றையும் சத்திரசிகிச்சைக்கு முன் எடுக்க வேண்டும். முன் எண் இல்லாவிட்டால் பின் எண்ணுக்கு அர்த்தம் பாதி. எச்.சி.ஜி. ஒன்று முதல் ஒன்றரை நாளில் பாதியாகும். 8,000 இருந்தவருக்கு, ஒன்றரை நாள் என்று வைத்தால், 6 நாளில் 500, 12 நாளில் 31, 18 நாளில் 2 அளவில் வந்திருக்க வேண்டும். இறங்கிவந்த எண் 300இல் நின்றுவிட்டால் வேறெங்கோ கட்டி இருக்கிறது. ஏ.எஃப்.பி. பாதியாக 5 முதல் 7 நாள் எடுக்கும் என்பதால் அது மெதுவாக இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். எல்லா விதைக் கட்டியும் எச்.சி.ஜி. சுரப்பதில்லை. எண் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கட்டியை விட்டுவிடவும் முடியாது.

எண் பொய் சொல்லும் இடங்கள்

கொக்கி விளைவு: எச்.சி.ஜி. ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று அளவுக்கு மீறினால், இரண்டு பிறபொருளெதிரிகளும் தனித்தனியே நிரம்பி, ஒன்றையொன்று சந்திக்காமல் போய் எண் குறைவாகவோ இல்லையென்றோ வரும். பெரிய முத்துப்பிள்ளையில் நடப்பது இது. சீரத்தை ஐதாக்கிச் செய்தால் எண் திடீரென்று உயரும்.

பயோட்டின்: முடி, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளில் இது அதிகம். சில இயந்திரங்களில் எண்ணைக் குறைத்துக் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள்.

குழப்பும் பிறபொருளெதிரி: சிலருடைய இரத்தத்தில், பரிசோதனைக்குப் பயன்படும் விலங்குப் பிறபொருளெதிரிகளோடு ஒட்டும் வேறு பிறபொருளெதிரிகள் இருக்கும். எச்.சி.ஜி. இல்லாமலே எண் காட்டும். இப்படிப் பிழையான எண்ணை நம்பிப் புற்றுநோய் மருந்தும் சத்திரசிகிச்சையும் பெற்ற 12 பெண்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. கண்டுபிடிக்க எளிய வழி சிறுநீர். அந்தப் பிறபொருளெதிரி பெரியது, சிறுநீரில் இறங்காது. இரத்தத்தில் நூற்றுக்கணக்கில் இருந்து சிறுநீரில் ஒன்றுமில்லை என்றால் வேறு கம்பனி இயந்திரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். ஒரே லாப்பில் பாருங்கள் என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

வயதும் சிறுநீரகமும்: மாதவிடாய் நின்ற பெண்ணின் கபச்சுரப்பி கொஞ்சம் எச்.சி.ஜி. சுரக்கும், எண் 10, 14 வரை வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களில் ஓமோன் வெளியேறாமல் தங்கி இலேசாக உயர்ந்து நிற்கும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள வவுனியா மாவட்டத்தில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டிலும் எண் வாரக்கணக்கில் அசையாது.

ஊசி: பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையில் முட்டை வெளியேற எச்.சி.ஜி. ஊசியே போடுவார்கள். 10 முதல் 14 நாள் வரை அது இரத்தத்தில் தெரியும். அதற்குள் பார்த்துச் சந்தோசப்பட்டு ஏமாற வேண்டாம்.

கையில் கொண்டுபோக வேண்டியது

முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ தெல்லிப்பழைக்கோ அனுப்பும்போது நோயாளி போய்ச் சேருவார், பழைய எண்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும். அங்குள்ள வைத்தியர் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், இரண்டு வாரம் போய்விடும். ஒரு கொப்பித் தாளில் நான்கு நிரல் போதும்: இரத்தம் கொடுத்த திகதியும் நேரமும், லாப்பின் பெயர், எண், அந்த நாளில் நடந்தது. நான்காவது நிரலில் ஸ்கான், சுத்தம் செய்தது, ஊசி, இரத்தப்போக்கு எல்லாம் வரும். கர்ப்பிணி அட்டையோடும் நோயியல் ரிப்போர்ட்டோடும் அதை ஒரே பையில் வையுங்கள். தொலைபேசியில் படம் எடுத்தும் வைத்தால், பஸ்ஸில் பை தொலைந்தாலும் வரிசை தொலையாது.